சிவப்புப் பெட்டி எச்டி டிவிடிகளை இன்று படிப்பது, நகலெடுப்பது எப்படி

உயர்தெளிவுப் படங்களுக்காக ப்ளூ-ரேயோடு போட்டியிட்ட டிஸ்க் வகை எச்டி டிவிடி. 2008 பிப்ரவரி 19 அன்று, அதன் தயாரிப்பைக் கைவிடுவதாகத் தோஷிபா அறிவித்தது. அமெரிக்கக் கடைகளில் முதல் பிளேயர் வந்தது 2006 ஏப்ரலில். கிட்டத்தட்ட 22 மாதத்தில் கதை முடிந்தது. ஆனால் அந்தக் காலத்தில் விற்ற டிஸ்க்குகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. பழைய பொருள் விற்கும் தளங்களில் கட்டுக்கட்டாக மலிவு விலைக்கும் கிடைக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சிக்கல்கள். படிக்கும் கருவிகள் குறைந்துகொண்டே வருகின்றன. டிஸ்க்குகளில் ஒரு பகுதி தானாகவே கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே முதலில் கருவியைத் தேடுங்கள், அடுத்து டிஸ்க்கைச் சோதியுங்கள், உடனே நகல் எடுங்கள். உட்கார்ந்து படம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கையில் இருப்பது எது

எச்டி டிவிடி பெட்டி சிவப்பு, ப்ளூ-ரே பெட்டி நீலம். பெட்டி மாறியிருந்தால் டிஸ்க்கின் நடுத் துளையைச் சுற்றியுள்ள எழுத்தைப் பாருங்கள். சேமிப்பு அளவும் அடையாளம் காட்டும்: எச்டி டிவிடியில் ஒரு அடுக்குக்கு 15 ஜிபி, இரண்டு அடுக்குக்கு 30 ஜிபி. ப்ளூ-ரேயில் அதுவே 25, 50.

சில டிஸ்க்குகளில் படம் அச்சிட்ட பக்கமே இருக்காது. இரு பக்கமும் கண்ணாடிபோல் பளபளக்கும். இவை காம்போ டிஸ்க்குகள். ஒரு பக்கம் எச்டி டிவிடி, மறுபக்கம் சாதாரண டிவிடி. யுனிவர்சல், வார்னர் ஆகிய படநிறுவனங்கள் இரண்டுமே இவற்றை நிறைய வெளியிட்டன. எந்தப் பக்கம் எது என்பது நடு வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும். "என் டிரைவ் இதை வெறும் டிவிடி என்கிறதே" என்று புலம்புவோரில் பலர் டிஸ்க்கைத் திருப்பிப் போடாதவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. எச்டி டிவிடிக்கு மண்டலப் பூட்டு கிடையாது. அமெரிக்காவில் வாங்கிய டிஸ்க் ஐரோப்பிய பிளேயரிலும் ஜப்பானிய பிளேயரிலும் ஓடும். ஆனால் காம்போவின் டிவிடி பக்கத்துக்குப் பழைய டிவிடி மண்டல விதியே பொருந்தும். எச்டி பக்கம் ஓடுகிறது, டிவிடி பக்கம் மறுக்கிறது என்றால் பழுது எதுவும் இல்லை.

சாதாரண ப்ளூ-ரே டிரைவ் ஏன் படிக்காது

இரண்டுக்கும் ஒரே லேசர்: 405 நானோமீட்டர் ஊதா-நீலம். அதனால் எந்த ப்ளூ-ரே டிரைவிலும் இது ஓடும் என்று நினைக்கத் தோன்றும். ஓடாது. காரணம் தெரிந்தால் கருவி வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள்; டிஸ்க்கைத் துடைக்கும்போதும் அதே காரணம் உதவும்.

தோஷிபா, என்இசி அணி தகவல் அடுக்கை டிவிடியில் இருப்பதுபோலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் வைத்தது. லென்ஸின் எண் துளை, அதாவது ஒளியை எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்கும் என்பதைக் காட்டும் எண், 0.65. இதில் என்ன ஆதாயம் என்றால், டிவிடி அச்சிட்டுக்கொண்டிருந்த ஆலைகள் சிறு மாற்றத்தோடு எச்டி டிவிடியையும் அச்சிட முடிந்தது. சோனி, பிலிப்ஸ், பானாசோனிக் அணி தகவலை மேற்பரப்புக்கு மிக அருகே, 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொண்டுவந்து, எண் துளையை 0.85 ஆக்கியது. புள்ளி சிறிதாகும், தடங்களை நெருக்கி வைக்கலாம். எச்டி டிவிடியில் தடங்களுக்கு இடைவெளி 0.40 மைக்ரோமீட்டர், ப்ளூ-ரேயில் 0.32. அதே அகல டிஸ்க்கில் 15 ஜிபியும் 25 ஜிபியுமாக வேறுபாடு வந்தது முக்கியமாக இதனால்தான். ஆனால் அதற்குப் புதிய ஆலை இயந்திரங்கள் தேவைப்பட்டன, கீறலைத் தாங்கும் கடினப் பூச்சும் தேவைப்பட்டது.

0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செய்த லென்ஸ் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வழியே கூர்மையாகக் குவியாது. போதாக்குறைக்குப் பிட்டுகளைப் பதியும் குறியீட்டு முறையும் வேறு. ஆகவே இரண்டையும் படிக்க, தனியே அதற்கென்றே வடிவமைத்த ஒளித்தலை வேண்டும். ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்த மென்பொருள்) மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எந்தக் கருவியைத் தேடுவது

நகல் எடுக்க வேண்டுமானால் கணினி டிரைவ்தான் வழி. எல்ஜியின் ஜிஜிசி-எச்20எல், ஜிஜிடபிள்யூ-எச்20எல் இரண்டும் முதல் தேர்வு. மேசைக் கணினிக்குள் பொருத்தும், சாட்டா இணைப்பு கொண்ட முழு அளவு டிரைவ்கள். முதலாவது ப்ளூ-ரே, எச்டி டிவிடி இரண்டையும் படிக்கும், டிவிடி மட்டும் எழுதும். இரண்டாவது ப்ளூ-ரேயும் எழுதும். முகப்பில் எச்டி டிவிடி சின்னம் இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்ஜியின் பிற்கால டிரைவ்கள் பெயரில் இவற்றைப்போலவே இருந்தாலும் எச்டி டிவிடியைப் படிக்காது.

மடிக்கணினியோடு இணைக்க யூஎஸ்பி-சாட்டா மாற்றி வேண்டும். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கு விற்கும் சிறு கேபிள் போதாது. அதில் 5 வோல்ட் மட்டுமே வரும். முழு அளவு டிரைவின் மோட்டார் சுழல 12 வோல்ட் வேண்டும், ஆகவே தனி மின் அடாப்டருடன் வரும் மாற்றியை வாங்குங்கள். 12 வோல்ட் போதாதபோது தட்டு திறக்கும், விளக்கு எரியும், ஆனால் டிஸ்க் சுழலத் தொடங்கியதும் இணைப்பு அறுந்து மறுபடி தோன்றும். பலர் இதை டிரைவ் பழுது என்று நினைத்துத் தூக்கிப்போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்காக 199 டாலருக்கு விற்ற வெளிப்புற எச்டி டிவிடி டிரைவ். உள்ளே இருப்பது தோஷிபா டிரைவ். யூஎஸ்பி வழியே சாதாரணக் கணினியிலும் வேலை செய்யும். செருகியதும் டிரைவ் ஒன்று, சிறு நினைவகம் ஒன்று என இரண்டு சாதனங்களாகத் தெரியும், அது இயல்பு. வாங்கும்போது மின் அடாப்டர் உடன் வருகிறதா என்று கேளுங்கள். எக்ஸ்பாக்ஸிலேயே படம் பார்க்க எண்ணினால் பெட்டியோடு வந்த நிறுவல் டிஸ்க்கும் வேண்டும். எச்டி டிவிடிகள் பயன்படுத்தும் யூடிஎஃப் 2.5 கோப்பு முறைமை விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரியாது. விஸ்டா முதல் எல்லா விண்டோஸுக்கும் தெரியும்.

தொலைக்காட்சியில் பார்க்க மட்டும் என்றால் தோஷிபாவின் தனி பிளேயர்கள். 2007 நவம்பர் தொடக்கத்தில் வால்மார்ட் எச்டி-ஏ2 மாடலை 98 டாலருக்குத் தள்ளியது; அதனால் பழைய சந்தையில் அதிகம் கிடைப்பது அதுதான். எச்டி-ஏ1, ஏ2, ஏ3 மூன்றும் 1080ஐ (அரைச் சட்டகங்களாக வரும் படம்) வரைதான் தரும். ஏ20, எக்ஸ்ஏ2, ஏ30, ஏ35 ஆகியவை 1080பி (முழுச் சட்டகங்கள்) தரும். முதல் மாடலான ஏ1 உண்மையில் ஒரு கணினி: உள்ளே பென்டியம் 4 செயலி, 1 ஜிபி ரேம், லினக்ஸ். மின்பொத்தானை அழுத்தி அது விழித்தெழக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். கனமும் அதிகம், அனுப்புசெலவும் அதற்கேற்ப. காட்சிக்கு வைக்க ஆசை இல்லாதவர்கள் ஏ30 அல்லது ஏ35 தேடுவதே நல்லது.

இரண்டு ஃபார்மேட்டையும் ஓட்டும் பிளேயர்கள் சில வந்தன. எல்ஜியின் பிஎச்100 முதலில் வந்தது, ஆனால் எச்டி டிவிடியின் ஊடாடும் மெனுக்களை அது காட்டாது. படம் மட்டும் ஓடும். சாம்சங்கின் பிடி-யூபி5000 மெனுக்களையும் காட்டும். இவற்றுக்கு இன்று சேகரிப்போர் விலை கேட்கிறார்கள். எச்டி டிவிடியை மட்டும் பார்க்க அந்த விலை தேவையில்லை.

மின்னழுத்தத்தில் கவனம். அமெரிக்க மாடல்கள் 120 வோல்ட்டுக்கானவை. இந்தியா, இலங்கையின் 230 வோல்ட்டில் நேரே செருகினால் மின்வழங்கிப் பலகை அங்கேயே போய்விடும். பின்பக்கத் தகட்டில் அச்சிட்ட வாட் அளவைப் பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். பயணிகளுக்கென்று விற்கும் கையடக்க மாற்றிகள் பலவற்றில் அலை வெட்டுப்பட்டு வரும்; அவை இஸ்திரிப் பெட்டிக்கானவை, மின்னணுக் கருவிக்கு ஆகாது. இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் விற்ற எச்டி-இபி30, இபி35 போன்ற மாடல்கள் அங்குள்ள 230 வோல்ட்டுக்கே செய்யப்பட்டவை. எச்டி டிவிடிக்கு மண்டலப் பூட்டு இல்லாததால் அமெரிக்க டிஸ்க்குகள் அவற்றில் தடையின்றி ஓடும். பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

பழைய பிளேயரை வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று காணொளிகள் கேளுங்கள்: தட்டு திறந்து மூடுவது, ஒரு எச்டி டிவிடி ஏறி மெனு வருவது, படத்தின் கடைசி அத்தியாயம் ஓடுவது. டிவிடி ஓடுகிறது என்ற சான்று எதற்கும் உதவாது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். நீல லேசர் செத்துப்போன பிளேயரும் டிவிடியை அழகாக ஓட்டும். தட்டு பாதியில் சிக்கினால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், அது சரிசெய்யக்கூடியது. எச்டி டிவிடி மட்டும் ஏறவில்லை என்றால் வாங்காதீர்கள்.

தொலைக்காட்சியோடு இணைத்தல்

படமே வரவில்லை என்றால் முதலில் எச்டிஎம்ஐ கைகுலுக்கலை, அதாவது பிளேயரும் தொலைக்காட்சியும் கேபிள் வழியே ஒன்றையொன்று அடையாளம் காண்பதை, சந்தேகியுங்கள். தொலைக்காட்சியை முதலில் இயக்கி, சரியான உள்ளீட்டைத் தேர்ந்துவிட்டு, பிறகு பிளேயரை இயக்குங்கள். புதிய 4கே தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் 'மேம்பட்ட' வகை அமைப்பு ஒன்று இருக்கும். அதைச் 'சாதாரண' நிலைக்கு மாற்றுங்கள். நடுவில் ஆடியோ ரிசீவர் இருந்தால் எடுத்துவிட்டு நேரே இணைத்துப் பாருங்கள்.

படம் வந்தபின் பிளேயரின் அமைப்பில் வெளியீட்டு அளவைப் பாருங்கள். பழைய பிளேயர்கள் பல 480பி-யில் விடப்பட்டிருக்கும். அதை அப்படியே வைத்துப் பார்த்துவிட்டு "இதற்கா சண்டை போட்டார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. ஏ2 போன்றவற்றில் 1080ஐ-யே உச்சம். அதற்காக வருந்த வேண்டாம். வினாடிக்கு 24 சட்டகம் கொண்ட திரைப்படத்தை அந்த பிளேயர் 60 அரைச் சட்டகங்களாகப் பிரித்து அனுப்புகிறது. நல்ல தொலைக்காட்சி அவற்றை மீண்டும் முழுச் சட்டகங்களாகச் சேர்த்துவிடும். அதற்கு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்' என்ற பெயரில் உள்ள அமைப்பு இயங்க வேண்டும். அது அணைந்திருந்தால் நகரும் விளிம்புகளில் சீப்புப் பல்போல் கோடுகள் தெரியும்.

ஒலியில் ஒரு விசித்திரம். டால்பி டிஜிட்டல் பிளஸ், டால்பி ட்ரூஎச்டி என்ற ஒலி வகைகள் இரண்டும் எச்டி டிவிடி பிளேயரில் கட்டாயம். ஆனால் பழைய ரிசீவரின் ஆப்டிகல் கேபிளில் இவை போகா. ஆகவே தோஷிபா பிளேயர்கள் ஒலியை உள்ளேயே அவிழ்த்து, ஆப்டிகல் வழியே டிடிஎஸ் என்ற வேறொரு ஒலி வகையாக மாற்றி அனுப்பும். டால்பி டிஸ்க் போட்டிருக்கும்போது ரிசீவரில் 'டிடிஎஸ்' என்று விளக்கு எரிந்தால் குழம்ப வேண்டாம். எச்டிஎம்ஐ இருந்தால் பிளேயரில் பிசிஎம் (அவிழ்த்த ஒலி) தேர்ந்தெடுங்கள். இழப்பில்லா ஒலி முழுதாக வரும்.

பிளேயரின் ஃபர்ம்வேர் பழையதாக இருந்தால் 2007 இறுதியில் வந்த சில டிஸ்க்குகள் மெனுவில் உறைந்து நிற்கும். நெட்வொர்க் வழியே புதுப்பிக்கலாம் என்று கையேடு சொல்வதை நம்பி உட்கார வேண்டாம். ஏற்கனவே சேமித்துவைத்தவர்களிடம் அந்த மாடலுக்கான கோப்பை வாங்கி, சிடி-ஆரில் குறைந்த வேகத்தில் எழுதிப் போடலாம். மாடல் எண் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. புதுப்பிப்பு ஓடும்போது மின்சாரம் போனால் பிளேயர் திரும்பி வராது. யூபிஎஸ் இல்லாத வீட்டில் செய்யாதீர்கள்.

டிஸ்க்கைச் சோதித்தல்

எச்டி டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டியது. பசை சரியில்லாமல் போனாலோ விளிம்பு வழியே ஈரம் புகுந்தாலோ உள்ளிருக்கும் உலோகப் படலம் கெடுகிறது. இந்த விஷயத்தில் வார்னர் டிஸ்க்குகளுக்குத்தான் பெயர் கெட்டிருக்கிறது, அதிலும் காம்போக்களுக்கு. 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகள் சிலவற்றிலும் இதே வகைச் சிக்கல் இருப்பதை 2025இல் வார்னரே ஒப்புக்கொண்டது. ஆகவே உங்கள் அடுக்கில் வார்னர் சின்னம் உள்ளவற்றை முதலில் எடுங்கள், அவற்றுள் காம்போக்களை எல்லாவற்றுக்கும் முன்னால்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. சிலவற்றில் பால் ஊற்றியதுபோல் மங்கலோ விளிம்பிலிருந்து உள்நோக்கி வளரும் கறையோ தெரியும். பலவற்றில் ஒன்றுமே தெரியாது, ஆனால் படிக்காது. டிஸ்க் ஏறுகிறது, மெனு வருகிறது என்பதும் சான்றல்ல. படிப்பு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகிறது. சீரழிவோ பெரும்பாலும் வெளிவிளிம்பில். இரண்டடுக்கு டிஸ்க்கில் படத்தின் நடுப்பகுதிதான் அந்த விளிம்பில் இருக்கும். "ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு நின்றது" என்ற புகாருக்குக் காரணம் இதுவே. முழு டிஸ்க்கையும் ஒருமுறை படிக்கவைப்பதைத் தவிர நம்பகமான சோதனை வேறில்லை. நகல் எடுத்தாலே சோதனையும் சேர்ந்து முடிந்துவிடும்.

துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணியும் வடிநீரும் போதும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தின் போக்கிலேயே அமைந்து நீண்ட தூரத் தகவலைக் கெடுக்கும். எண்ணெய்க் கறைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில துளி. அசிட்டோன் பாலிகார்பனேட்டைக் கரைக்கும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கீறலைப் பாலிஷ் செய்யலாமா? எச்டி டிவிடியில் லேசர் மேற்பரப்பைக் கடக்கும்போது கற்றையின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். மயிரிழைக் கீறல் அதில் சிறு பகுதியைத்தான் மறைக்கும், பிழைதிருத்தம் சமாளித்துவிடும். ஆழமான கீறல் இருந்தால், டிவிடி பாலிஷ் இயந்திரம் வைத்திருக்கும் கடையில் லேசாக மெருகேற்றலாம். ப்ளூ-ரேயில் அதே கற்றை 0.14 மில்லிமீட்டருக்கும் குறைவு, மேல் அடுக்கும் 0.1 மில்லிமீட்டர்தான். அதனால் ப்ளூ-ரேயை ஒருபோதும் பாலிஷ் செய்யக் கூடாது. கடினப் பூச்சு போய்விட்டால் டிஸ்க்கும் போனதே. காம்போ டிஸ்க்குக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்: மேசையில் கவிழ்த்து வைத்தால் ஏதோ ஒரு பக்கம் கீறுபடும்.

நகல் எடுத்தல்

டிஸ்க் ஏஏசிஎஸ் என்ற நகல் தடுப்புப் பூட்டோடு வருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கே ஆனாலும் அந்தப் பூட்டைத் திறப்பதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவும் பூட்டு உடைப்பைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் நாட்டு நிலையைப் பார்த்து முடிவெடுங்கள். சொந்த டிஸ்க்கை, சொந்த வீட்டில் பார்க்க என்பதைத் தாண்டிய எதற்கும் இந்த வழிமுறை அல்ல.

மென்பொருள் மேக்எம்கேவி. எச்டி டிவிடியைப் புரிந்துகொள்ளும் மென்பொருட்களில் பராமரிப்பில் இருப்பதும் எளிமையானதும் இதுவே. பவர்டிவிடி போன்ற வணிக மென்பொருட்களின் புதிய பதிப்புகள் எச்டி டிவிடி ஆதரவை நீக்கிவிட்டன.

டிஸ்க்கைப் போட்டு, டிரைவ் அமைதியாகும்வரை காத்திருங்கள். திறக்கச் சொன்னதும் தலைப்புகளின் பட்டியல் வரும். 15 முதல் 25 ஜிபி அளவும், பெட்டியில் அச்சிட்ட ஓட்ட நேரமும் பொருந்துவது படம். மற்றவை கூடுதல் காட்சிகள், விளம்பரங்கள். தேவையான ஒலித் தடங்களையும் வசன வரிகளையும் தேர்ந்து, குறைந்தது 40 ஜிபி காலியிடம் உள்ள வட்டில் சேமிக்கச் சொல்லுங்கள். படமும் ஒலியும் மறுகுறியாக்கம் ஆகாது. தரம் துளியும் குறையாது.

எவ்வளவு நேரம்? எச்டி டிவிடியின் 1எக்ஸ் வேகம் வினாடிக்கு 36.55 மெகாபிட், அதாவது சுமார் 4.6 மெகாபைட். அந்த வேகத்தில் 30 ஜிபி படிக்க ஒரு மணி 50 நிமிடம். எச்20எல் வகை டிரைவ்கள் இதைவிட வேகமானவை. நல்ல டிஸ்க் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் டிரைவ் தடுமாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

டிஸ்க்கின் உள்ளே எச்விடிவிடி_டிஎஸ் என்ற கோப்புறையில் ஈவிஓ கோப்புகள் இருக்கும். பல படங்கள் ஃபீச்சர்_1, ஃபீச்சர்_2 என இரண்டு துண்டாகவே பதியப்பட்டிருக்கும். எந்த வரிசையில் ஓட வேண்டும் என்பதை ஏடிவி_ஓபிஜே கோப்புறையிலுள்ள எக்ஸ்பிஎல் கோப்பு சொல்லும். மென்பொருள் அதைப் படித்துத் துண்டுகளைத் தானே சேர்த்துக்கொள்ளும். நகலைச் சரிபார்க்கும்போது அந்த இணைப்பு வரும் இடத்தைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு உதட்டசைவும் ஒலியும் விலகியிருந்தால் தலைப்பை நீக்கிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். பிறகு பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாவி, கடைசி எழுத்தோட்டம்வரை பாருங்கள். வசன வரியையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

எச்டி டிவிடிகளில் பல விசி-1 என்ற படச் சுருக்க முறையில் குறியாக்கம் ஆனவை. கணினியில் விஎல்சி ஓட்டிவிடும். சில புதிய டிவி பெட்டிகளுக்கு விசி-1 தெரியாது: ஒலி வரும், திரை கறுப்பாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் மூல நகலை அப்படியே வைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக் என்ற படம் மாற்றும் மென்பொருளில் ஆர்எஃப் எனும் தர அளவை 16 முதல் 18 வரை வைத்து எச்.264க்கு இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். மூலத்தை அழிக்காதீர்கள்.

நீங்கள் பெறாமல் போவது மெனுக்களையும் படத்துக்குள் படமாக ஓடும் விளக்கக் காட்சிகளையும்தான். இதில் எச்டி டிவிடி உண்மையிலேயே முந்தியிருந்தது. முதல் பிளேயரிலிருந்தே இணையத் துளையும் இரண்டாவது படத்தை அவிழ்க்கும் திறனும் கட்டாயம். ப்ளூ-ரே அணி அந்த இரண்டாவது படத்தைக் கட்டாயமாக்கியது 2007 நவம்பர் முதல் வந்த பிளேயர்களில்தான். இணையம் அதற்கும் பின்னால் வந்த 2.0 வரையறையில். அந்த விளக்கக் காட்சிகளில் சில பிறகு வந்த ப்ளூ-ரே பதிப்புகளில் இடம்பெறவே இல்லை. அவை முக்கியம் என்றால் தோஷிபா பிளேயர் ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு எச்சரிக்கை, பலரும் அறியாதது. எச்20எல் டிரைவில் புதிய ப்ளூ-ரே டிஸ்க்கைப் போடாதீர்கள். ஏஏசிஎஸ் முறையில் ஒவ்வொரு டிஸ்க்கும் விலக்கப்பட்ட மென்பொருள் சான்றுகளின் பட்டியலைச் சுமந்து வருகிறது. டிரைவ் தான் பார்த்தவற்றுள் புதிய பட்டியலைத் தன் நினைவில் எழுதிக்கொள்ளும். அதன்பின் பழைய மென்பொருள் கேட்டால், பழைய டிஸ்க்குக்கும் கதவைத் திறக்காது. எச்டி டிவிடிகள் எல்லாம் 2008 அளவிலேயே நின்றுவிட்டதால், அவற்றுக்கு மட்டும் என ஒதுக்கிய டிரைவ் இந்தத் தொல்லைக்கு ஆளாவதில்லை. ப்ளூ-ரே படிக்க வேறொரு டிரைவ் மலிவாகவே கிடைக்கும்.

படிக்க மறுத்தால்

'மீடியம் எரர்' என்று மென்பொருளின் செய்திப் பதிவில் வந்தால் உடனே நிறுத்துங்கள். டிஸ்க்கைத் துடையுங்கள், டிரைவை அரை மணி நேரம் ஆறவிடுங்கள், மறுபடி முயலுங்கள். அதே இடத்தில் நின்றால் டிஸ்க் குறை. வேறு வேறு இடத்தில் நின்றால் டிரைவை, மின் அடாப்டரை, கேபிளை அந்த வரிசையில் சந்தேகியுங்கள். ஒரே டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸ் டிரைவ் படிக்கும், எல்ஜி படிக்காது, மறுதலையும் நடக்கும். அதனால்தான் நிறைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் இரண்டு வகையும் வைத்திருக்கிறார்கள்.

பிடிவாதமான டிஸ்க்குக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். செக்டார் அளவை 2048 பைட் என்று கொடுத்து, எது படித்தாயிற்று, எது பாக்கி என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்போடு ஓட்டுங்கள். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை மட்டும் அள்ளட்டும். அடுத்த சுற்றில் கெட்ட இடங்களை மூன்று முறைவரை முயலட்டும். வரைபடக் கோப்பு இருப்பதால், பாதியில் நிறுத்தி அதே டிஸ்க்கை இன்னொரு டிரைவில் போட்டுத் தொடரலாம். ஒன்று விட்ட செக்டாரை மற்றொன்று பிடிக்கும். ஆனால் இப்படிக் கிடைக்கும் படிமம் (டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) பூட்டிய நிலையில் இருக்கும். அதைத் திறக்கத் தேவையான வால்யூம் ஐடி என்ற அடையாள எண், படிமத்துக்குள் வராத தனிப் பகுதியில் இருக்கிறது. டிரைவ்தான் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். எனவே டிஸ்க் டிரைவில் ஏறி மேக்எம்கேவி அதைத் திறக்கும் நிலையில் இருக்கும்போதே ஒருமுறை திறந்து, சாவி விவரத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். சாவி விவரம் இல்லாமல், முற்றிலும் செத்த டிஸ்க்கின் படிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை.

நகலை எங்கே வைப்பது, எதை ப்ளூ-ரேயில் வாங்குவது

40 படம் சுமார் 1 டிபி ஆகும். 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி ஒரே தகவலை இரண்டிலும் வையுங்கள். ஒளி டிஸ்க்கில் வைக்க விரும்பினால் 50 ஜிபி ப்ளூ-ரே எழுது டிஸ்க் வேண்டும். முழு எச்டி டிவிடி 25 ஜிபியில் அடங்காது. தோற்ற ஃபார்மேட்டை வென்ற ஃபார்மேட்டில் எரித்து வைப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எழுதும்போது பாதி வேகம், எழுதி முடித்ததும் சரிபார்ப்பு.

மூல டிஸ்க்குகளைச் செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கடலோர ஊர்களில் மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் ஈரம் புகுவது குறையும். ஏற்கனவே தொடங்கிவிட்ட சீரழிவை இது நிறுத்தாது.

கெட்டுப்போன டிஸ்க்குக்குப் பதில் ப்ளூ-ரே வாங்குவோர் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். 2008 வரை வார்னர் இரண்டு ஃபார்மேட்டிலும் வெளியிட்டது. ஒரே விசி-1 குறியாக்கத்தை 30 ஜிபிக்குள் அடங்கும்படி செய்து, அதையே ப்ளூ-ரேயிலும் போட்ட படங்கள் பல. அந்த ப்ளூ-ரேயை வாங்கினால் திரையில் தெரிவது உங்களிடம் இருந்த அதே படம்தான். மறுபடி ஸ்கேன் செய்து பின்னாளில் வந்த பதிப்பு இருந்தால் அதற்குக் காசு கொடுப்பது தகும். ப்ளூ-ரேயில் மண்டலப் பூட்டு உண்டு: அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியாவும் இலங்கையும் சி. பூட்டு இட்டே தீர வேண்டும் என்பதில்லை; பெட்டியின் பின்புறம் ஏ மட்டும் இருக்கிறதா, ஏபிசி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.